டிரம்பெட்டுக்கு இரண்டு நிழல்

"என் டிரம்பெட்டை வித்துட்டாங்க சார்! வித்தே விட்டாங்க!"

அந்தப் பெண் உள்ளே வந்த வேகத்தில் மச்சான் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வெளியே வந்தது. வாடிக்கையாளர் வந்து ஒரு மாதமாகிறது. அந்த அதிர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். துப்பறிவாளர். நான் அவருடைய உதவியாளன். திறமையைப் பார்த்து என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று சொல்லத்தான் ஆசை. "என் தம்பிக்கு வேலை போட்டுக் கொடுக்கலைன்னா இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்று அக்கா போட்ட ஒரே போடில் சேர்ந்தேன் என்பதுதான் உண்மை. எங்கள் ஆபீஸ் ஒரு சலவைக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். மூன்றாவதாக யாராவது வந்தால் நான் நிற்க வேண்டும். நின்றேன்.

"உக்காருங்கம்மா. என்ன வித்துட்டாங்க, யாரு வித்தாங்க?" என்றார் மச்சான் மூக்கைத் துடைத்தபடி.

"யாருன்னு தெரிஞ்சா நான் எதுக்கு சார் இங்க வர்றேன்?"

"அதுவும் சரிதான்" என்றேன். மச்சான் என்னை முறைத்தார்.

அவள் செல்போனை மேஜைமேல் வைத்தாள். கண்ட சாமானும் விற்கும் ஒரு இணையப் பக்கம். அதில் ஒரு டிரம்பெட்டின் படம். அடேங்கப்பா, என்ன படம்! பால் வெள்ளைப் பின்னணியில், அகன்ற வாய் தரையில் பதிய, தலைகீழாக நின்று தகதகத்தது. கீழே சிவப்பு எழுத்தில் 'விற்பனை முடிந்தது' என்று இருந்தது. விற்றவரின் பெயர், நம்பர் எதுவும் இல்லை. விற்று முடிந்ததும் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிடுமாம்.

"உங்களோடதுதானா?"

"காலையில காணோம்னதும், வேற ஒண்ணாவது விலைக்குக் கிடைக்குமான்னு தேடினேன், இது வந்துச்சு. குழாய்ல ஒரு நசுங்கல் இருக்கு பாருங்க. எங்க வீட்டுக்காரர் அது மேல உக்காந்தப்ப ஆனது. இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குத் தேர்வு சார். பயணக் கப்பல் பேண்டுல ஒரே ஒரு எடம் காலியா இருக்கு. பத்து வருஷமா தலைகாணியை உள்ள அடைச்சு, சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் பழகினேன். ஒரே ஒரு தடவை, தலைகாணி இல்லாம, நாலு பேர் முன்னாடி ஊதணும் சார் எனக்கு."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

"வேற டிரம்பெட் இரவல் வாங்க முடியாதா?" என்றேன்.

"இந்த ஊர்ல டிரம்பெட் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் அதே தேர்வுக்குத்தான் வர்றாங்க. யார் தருவாங்க?"

மச்சான் தலையாட்டினார். "யார் மேலயாவது சந்தேகம்?"

"கீழ்வீட்டுக்காரர் மேலதான்! எப்பவும் ரெண்டு காதுலயும் பஞ்சோட திரியிறார். நான் வாயை வெச்சாலே துடைப்பக் கட்டையால கூரையை இடிப்பார். ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. போன வாரம் வாசப்படியில நின்னு, 'கப்பல்ல எடுத்துட்டாங்களா இல்லையா'ன்னு வேலைக்காரம்மா கிட்ட விசாரிச்சிருக்கார்."

"கேஸ் முடிஞ்சுது மச்சான்! பஞ்சுக்காதைப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினா டிரம்பெட் கீழ விழும்."

"அவர் இல்லைன்னா? நாலு மணி போயிடும். உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"கேக் போடுறவர். காலையிலயே கிளம்பிட்டார். போன் அடிச்சாலும் எடுக்கல. விஷயம் தெரிஞ்சா ஆடிப்போயிடுவார் பாவம்."

மச்சான் பூதக்கண்ணாடியை எடுத்தார். அது அக்கா ஊசியில் நூல் கோர்க்க வைத்திருந்தது. "நமக்கு இருக்கிறது இந்தப் படம் மட்டும்தான். இதை எங்க எடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சா போதும். மாப்ளே, என்ன தெரியுது?"

"நல்ல ஸ்டுடியோல எடுத்த படம்."

"மண்ணாங்கட்டி. நிழலைப் பாரு."

பார்த்தேன். டிரம்பெட்டுக்கு மங்கலாக இரண்டு நிழல். ஒன்று நீலம் பாரித்திருந்தது, மற்றது மஞ்சள்.

"ரெண்டு விளக்கு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள். ஸ்டுடியோ வெச்சிருக்கிறவன் இப்படிக் கலக்க மாட்டான். இது கைல காசில்லாதவன் எடுத்தது. ஆனா பெரிய கெட்டிக்காரன்."

"கெட்டிக்காரன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பளபளக்கிற சாமானை நீ ஒரு படம் எடு. அப்பத் தெரியும்."

மேஜையில் இருந்த எவர்சில்வர் ஃபிளாஸ்க்கை நிறுத்தி, டேபிள் லேம்பைப் போட்டு, என் போனில் ஒரு படம் எடுத்தேன். படத்தில் ஃபிளாஸ்க்கைக் காணவில்லை. கண்ணைக் கூசும் ஒரு வெள்ளைப் பொட்டும், அதன் பக்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு என் மூக்கும்தான் இருந்தன.

"பளபளக்கிற சாமான்ல அதோட சொந்த நிறம் தெரியாது. சுத்தி என்ன இருக்கோ அதுதான் தெரியும்" என்றார் மச்சான். "அதனால சுத்தி வெள்ளையா எதையாவது கட்டணும். கீழ போய் வெள்ளை விரிப்பு வாங்கிட்டு வா."

சலவைக்காரர் விரிப்பைக் கொடுத்தார். "அழுக்காச்சுன்னா நீயே துவைச்சுக் கொடுக்கணும்" என்ற ஆசியோடு கொடுத்தார். இரண்டு நாற்காலியையும் எதிரெதிரே போட்டு, மேலே விரிப்பைக் கூடாரம் போல் கட்டினோம். டிரம்பெட்காரி நின்றுகொண்டாள். விளக்கைக் கூடாரத்துக்கு வெளியே பிடித்தேன். வெளிச்சம் துணியில் வடிகட்டி உள்ளே இறங்கியது. துணியில் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் படம் எடுத்தார் மச்சான். ஓட்டை முதலில் இல்லை. சலவைக்காரரிடம் அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

இந்தத் தடவை ஃபிளாஸ்க் ராஜா மாதிரி வந்தது. வெள்ளிப் பளபளப்பு, மென்மையான வெளிச்சம். என் மூக்கு இல்லை.

"சார், தேர்வு நாலு மணிக்கு" என்றாள் டிரம்பெட்காரி.

"இதோ வந்தாச்சும்மா. ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நம்ம ஃபிளாஸ்க்ல துணியோட மடிப்பு தெரியுது. உங்க டிரம்பெட்ல மடிப்பே இல்ல. வழவழன்னு சுவர். அப்புறம் இங்க பாருங்க, வலது பக்கமும் இடது பக்கமும் சம இடைவெளியில படுக்கைக் கோடு. ஏணிப்படி மாதிரி."

"வெள்ளைச் சுவத்துல ஏணியா? பெயின்டர் வீடா இருக்குமோ?"

"பேசாம இரு. மேல நீள்சதுரமா ஒரு வெளிச்சம். கண்ணாடிப் பலகை மேல பட்டர் பேப்பரை விரிச்சு, அதுக்கு மேல விளக்கை வெச்சிருக்கான். எதிர்ல வெள்ளித்தாள் மாதிரி ஏதோ கசங்கித் தெரியுது, முன்பக்கம் இருட்டாகாம இருக்கறதுக்கு. எல்லாம் ரொம்ப யோசிச்சுப் பண்ணியிருக்கான். ஆனா பின் மூலையில ஒரு குட்டி மஞ்சள் பல்பு. அதாலதான் அந்த ரெண்டாவது நிழல். இவ்வளவு தெரிஞ்சவன் அந்த ஒரு பல்பை ஏன் அணைக்கல?"

விளக்குச் சூட்டில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

"மூடாதே!" என்று மச்சான் போட்ட கூச்சலில் பாட்டில் கைநழுவி என் காலிலேயே விழுந்தது.

"என்ன மச்சான்? பாம்பா?"

"அந்தப் பல்பை அணை."

உள்ளே, மூலையில், குட்டி மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. "கதவை மூடினாத்தானே அணையும்?"

"மூடினா படம் எடுக்க முடியுமா?"

நான் வாயைப் பிளந்தேன். வெள்ளைச் சுவர். இரண்டு பக்கமும் தட்டு செருகுகிற வரிக் கோடுகள். கண்ணாடித் தட்டு. எல்லாம் ஒரு ஃப்ரிட்ஜுக்குள் இருந்தன. படம் எடுத்தவன் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது ஒரு விளக்கும் கொஞ்சம் பட்டர் பேப்பரும்தான். வயிற்றெரிச்சலாக இருந்தது. நாங்கள் ஒரு விரிப்பைக் கிழித்திருந்தோம்.

"அப்ப யாரோ வீட்டு ஃப்ரிட்ஜா?" என்றாள் அவள்.

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜை முழுசாக் காலி பண்ணி எவ்வளவு நாளாச்சும்மா?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "கல்யாணமான புதுசுல."

"பல்பு எரியுது, அதனால ஓடுற ஃப்ரிட்ஜ். ஆனா உள்ள ஒரு தட்டைத் தவிர ஒண்ணுமில்ல. அப்படி ஒண்ணு எங்க இருக்கும்?"

"ரிப்பேர் கடை!" என்றோம் மூன்று பேரும்.

*

எங்கள் வட்டாரத்தில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர்தான். 'கூலிங் அண்ணன்' என்றால் எல்லாருக்கும் தெரியும். கடைக்குள் நுழைந்ததும் நடு ஃப்ரிட்ஜ்தான் கண்ணில் பட்டது. கதவு திறந்திருந்தது. அதே கண்ணாடித் தட்டு, அதே பட்டர் பேப்பர், மேலே ஒரு விளக்கு. வெயில் படாமல் இருக்க நிறுத்திய காரின் முன்கண்ணாடியில் வைப்பார்களே, அந்த வெள்ளி ஷீட் எதிரே நின்றது. நடுவில் கேமராவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே இப்போது இருந்தது ஒரு சாக்லேட் கேக்.

"படம் எடுக்கணுமா? கேக்கா, செருப்பா?" என்று வரவேற்றார் கூலிங் அண்ணன்.

"டிரம்பெட்" என்றார் மச்சான்.

"அட, அதுவா! நேத்து வந்துச்சு. எடுத்தேன், போட்டேன், காலையில வித்துப்போச்சு. படம் எப்படி?"

"அது என் டிரம்பெட்!" என்று அவள் பாய்ந்தாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அடி எனக்கு விழுந்தது.

"ஐயோ, நான் திருடன் இல்லம்மா! கேக் படம் எடுக்கத்தான் இதை ஆரம்பிச்சேன். லைட்டைப் போட்டா கிரீம் உருகிடுது. ஃப்ரிட்ஜுக்குள்ளயே எடுத்தா உருகாதேன்னு தோணுச்சு. அப்பதான் பார்த்தேன், உள்ள எதை வெச்சாலும் பிரமாதமா வருது. ஷீட் பழசு, பட்டர் பேப்பர் ஓசி. செலவுன்னு பார்த்தா என் பொண்டாட்டி கிட்ட வாங்கின திட்டு மட்டும்தான்."

"எதுக்கு அண்ணே வித்தீங்க?" என்றேன்.

"கேக்கு நாளைக்கு நிக்குமா தம்பி? படம் எடுத்த கையோட விலை போட்டு வலையில ஏத்திடுவேன். அதுதான் இங்க வழக்கம். நேத்து டிரம்பெட்டுக்கு முன்னாடியும் கேக்கு, பின்னாடியும் கேக்கு. கை பாட்டுக்கு ஏத்திடுச்சு. விலையும் வழக்கம் போலத்தான் போட்டிருக்கேன்."

"வழக்கம் போலன்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எடை போட்டு. கிலோ கேக்கு விலை."

டிரம்பெட்காரி அருகிலிருந்த ஃப்ரிட்ஜின்மேல் சாய்ந்துவிட்டாள். பத்து வருஷ உழைப்பு கிலோ கேக் விலைக்குப் போனால் யாருக்குத்தான் தாங்கும்?

மச்சான் மட்டும் அசையவில்லை. "உங்களுக்கு பட்டர் பேப்பர் ஓசியில கொடுக்கிறது யாரு?"

கூலிங் அண்ணனின் கண் தானாகக் கடைக்கோடிக்குப் போனது. அங்கே கதவில்லாத ஒரு பெரிய ஃப்ரிட்ஜ். அதன் பின்னாலிருந்து ஒரு தும்மல்.

"அந்தத் தும்மல் எனக்குத் தெரியும்" என்றாள் டிரம்பெட்காரி மெதுவாக. "வெளிய வாங்க!"

புருவத்தில் கிரீம் ஒட்டியிருக்க ஒரு மனிதர் வெளியே வந்தார். அவளுடைய வீட்டுக்காரர்! கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே கேக் மாஸ்டர் கிளம்பியிருந்தார்.

"நீங்களா எடுத்துட்டுப் போனீங்க? நான் ஊரெல்லாம் தேடுறேன், நீங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"திட்டிடாதே. நீ ஜெயிச்சதும் வெட்டறதுக்கு ஒரு கேக் போடலாம்னு இருந்தேன். மேல உன் டிரம்பெட் படத்தை அச்சடிச்சு. ஒரு நல்ல படம் வேணுமேன்னு நேத்து நீ தூங்கினப்புறம் எடுத்துட்டு வந்தேன். காலையில வாங்க வந்தா வித்தாச்சுங்கிறார். உன் மூஞ்சியை எப்படிப் பார்க்கிறதுன்னு தெரியாம, வாங்கினது யாருன்னுகூடக் கேக்காம இங்கயே நின்னுட்டேன்."

"தோத்துட்டா?"

"அதை நான் யோசிக்கவே இல்லையே" என்றார் அவர்.

அவள் அவரை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே அவர் புருவத்துக் கிரீமைத் துடைத்துவிட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கூலிங் அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

"அழறதெல்லாம் அப்புறம்" என்றார் மச்சான். "வாங்கினது யாரு?"

"உயரமா ஒருத்தர். விலையை ரெண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்துச்சு. ரெண்டு காதுலயும் பஞ்சு."

"நான் அப்பவே சொன்னேன்!" என்று நான் குதித்தேன். "என் பேச்சை யார் கேட்டா?"

*

கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, "அவரா? கையில ஏதோ துணி சுத்தின சாமானோட துறைமுகத்துப் பக்கம் போனார். ஓட்டமும் நடையுமா போனார்" என்றாள்.

"போச்சு! கடல்ல வீசப் போறார்!" என்றேன். டிரம்பெட்காரிக்கு முகம் வெளுத்தது. அவள் வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் வாசற்படியில் குனிந்து எதையோ பொறுக்கினார். பஞ்சு உருண்டைகள் இரண்டு. காதுக்கு அளவாக உருட்டியவை. ஆனால் கன்னங்கரேலென்று இருந்தன. பக்கத்திலேயே பித்தளை துலக்குகிற பாலிஷ் டப்பா திறந்தபடி கிடந்தது.

"மாப்ளே, நீ கடல்ல வீசப்போற சாமானைப் பளபளன்னு துலக்குவியா?"

"மாட்டேன். துலக்கச் சொன்னாலே துலக்க மாட்டேன்."

"தன் காதுப் பஞ்சை எடுத்துத் துலக்கியிருக்கார். தேர்வு எங்கம்மா நடக்குது?"

"துறைமுகத்துல. கப்பல் கம்பெனி ஹால்ல."

"ஓடுங்க!"

ஓடினோம். கேக் மாஸ்டர் ஓட்டத்தில் எங்கள் எல்லாரையும் முந்தினார். குற்ற உணர்ச்சி காலுக்கு அவ்வளவு நல்லது போலிருக்கிறது.

ஹால் வாசலில் டிரம்பெட்டும் கையுமாக நீள வரிசை. அதன் முன்னால், அடுத்து உள்ளே போக வேண்டிய இடத்தில், உயரமாக, காதில் பஞ்சில்லாமல் ஒருவர் நின்றிருந்தார். மார்போடு அணைத்திருந்த டிரம்பெட் கண்ணைப் பறித்தது.

"எங்கம்மா போயிட்டே?" என்று எங்களைப் பார்த்ததும் கத்தினார். "கால் கடுக்க உனக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கேன்! எனக்குப் பின்னாடி நிக்கிறவன் ரெண்டு தடவை முந்தப் பார்த்தான்!"

அவள் அசையாமல் நின்றாள். "நீங்களா? எனக்காகவா?"

"பின்ன? வலையில படத்தைப் பார்த்ததும் அந்த நசுங்கலை வெச்சே கண்டுபுடிச்சுட்டேன். நீதான் தினம் அதை ஜன்னல்ல காயப் போடுறியே. திருட்டுப் போயிடுச்சுன்னு புரிஞ்சுது. வேற எவனாவது வாங்கறதுக்குள்ள ஓடிப்போய் வாங்கினேன். மேல வந்து தட்டினா வீடு பூட்டியிருக்கு."

"ஆனா உங்களுக்கு என் சத்தமே புடிக்காதே!"

"புடிக்காது! அதனாலதான்! நீ ஜெயிச்சா எட்டு மாசம் கப்பல்ல போயிடுவே. எட்டு மாசம் நான் நிம்மதியாத் தூங்குவேன். இந்த ஊர்லயே நீ ஜெயிக்கணும்னு என்னை விட வேண்டிக்கிறவன் எவனும் கிடையாது!"

மச்சான் என்னைப் பார்த்தார். "என்ன மாப்ளே, புடிச்சு உலுக்கலாமா?" நான் கடலைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் டிரம்பெட்டை வாங்கிக்கொண்டு போனாள். கதவு திறந்தே இருந்தது. முதலில் ஒரே ஒரு நீண்ட சுரம். பிறகு பத்து வருஷமாகத் தலைகாணிக்குள் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தது. வரிசையில் பேச்சு நின்றது. சிலர் தங்கள் டிரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கேக் மாஸ்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நல்லாவா வாசிக்கிறா?" என்றார் கீழ்வீட்டுக்காரர், ஈரக் கண்ணோடு. "பஞ்சு வெச்சிருந்ததுல தெரியாமப் போச்சே!"

வாசித்து முடிந்ததும் பேண்டு மேனேஜர் அவளுடன் வெளியே வந்தார். "எல்லாரும் போகலாம். எடம் நிரம்பியாச்சு" என்றார். அவள் சிரித்தாள், அழுதாள், வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டாள், ஆள் மாறி என்னையும் கட்டிக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் என்னோடு கைகோத்து ஒரு சுற்று ஆடினார்.

"எப்ப கிளம்புது கப்பல்?" என்றார் மூச்சிரைக்க. "இன்னிக்கா? நாளைக்கா? பெட்டி நான் தூக்கிட்டு வர்றேன்!"

"கப்பல் இப்பத்தான் பெயின்ட் அடிக்கப் போயிருக்கு" என்றார் மேனேஜர். "அடுத்த வருஷம்தான் கிளம்பும். அதுவரைக்கும் பேண்டு முழுக்கத் தினமும் ஒண்ணா உக்காந்து பழகணும். கம்பெனியில ஹால் தர மாட்டேங்கிறாங்க. உங்கள்ல யார் வீட்லயாவது பெரிய எடம் இருக்கா?"

"எங்க வீட்டு மொட்டைமாடி இருக்கே சார்!" என்றார் கேக் மாஸ்டர் உற்சாகமாக. "எத்தனை பேர் வேணாலும் வாங்க! டிரம்ஸும் கொண்டு வாங்க! கேக்கு என் பொறுப்பு!"

கீழ்வீட்டுக்காரரின் கை என் கையிலிருந்து நழுவியது. பிறகு மச்சானின் தோளைத் தொட்டு, ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சார், நீங்க துப்பறியிறவர்தானே? காணாமப் போனதைக் கண்டுபுடிச்சுக் கொடுப்பீங்க, அதைத்தான் பார்த்தேனே. இருக்கிறதைக் காணாமப் போக்கறதுக்கு என்ன ஃபீஸ் வாங்குறீங்க?"